இருபத்தொன்பதாம் இலக்கம்

கூழாவடி நாலாம் குறுக்கில்
முகத்தைப் பார்த்தால் எனக்கு ஆளைத் தெரியாது.
பையைத் தூக்கினால் தெரியும்.

பதினேழாம் இலக்கம்:
சம்பளம் வந்த கிழமை கோழி எலும்பு,
வராத கிழமை சூடைமீன் தலை.
இருபத்திரண்டில் மகளுக்குச் சோதனை,
கிழித்த கணக்குத் தாளும் கோப்பிப் பக்கெற்றும்.
இருபத்தைந்தில் யாரோ
ஒளித்துச் சிகரெட் குடிக்கிறார்.
அடிக்கட்டைகளைப் பற்பசைப் பெட்டிக்குள் அடைத்து
இரண்டு தரம் சுற்றி எறிகிறார்.
நான் யாருக்கும் சொன்னதில்லை.

இருபத்தொன்பது மட்டும்
வைகாசியிலிருந்து மெலிந்துகொண்டு வந்தது.
முதலில் உரப்பை நிறைய,
மறுகா அரைப்பை,
மறுகா இரண்டு விரலில் தொங்கும் ஒரு முடிச்சு.
ஆடி அமாவாசை கழிய
கேற்றடியில் ஒன்றுமே இல்லை.

ஆள் குறைந்தால்தான் பை குறையும்.
இந்த ஊரில் அந்தக் கணக்கு எனக்குப் பாடம்.
மூன்று கிழமை பொறுத்தேன்.
ட்ரக்டரில் இருந்து புவனேந்திரன் ஹோர்ன் அடிக்க அடிக்க
இறங்கிப்போய்த் தட்டினேன்:
"வீட்டில எல்லாரும் சுகமா?"

ஈரக் கையோடு வந்தாள் கிருசாந்தினி,
வங்கியில் வேலை, காதிடுக்கில் பேனை.
"ஆக்கள் இருக்கம் அண்ணன்.
குப்பைதான் இல்ல."

பரிசோதிக்க வந்தவன் என்று நினைத்தாளாக்கும்,
கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.
வாழையடியில் அடி வெட்டிய ஒரு பீப்பாய்,
மீன் செதிலையும் தேயிலைச் சக்கையையும்
முருங்கைக் காம்பையும் தின்றுகொண்டிருந்தது.
மூடியைத் திறந்தாள். மூக்கைப் பொத்தப் போனேன்;
மழை விழுந்த வளவு மணத்தது.
குசினியில் ஜாம் போத்தல்களில்
நிறுத்து வாங்கிய பருப்பு, கடுகு, மிளகாய்த்தூள்.
மீனுக்கு மூடிபோட்ட ஒரு அலுமினியச் சட்டி.
"முதல் நாள் மீன்காரர் சிரிச்சவர்.
இப்ப சட்டி எத்தின கிராம் எண்டு
அவருக்கே பாடம்."

"என்ட மனிசன்தான் இன்னும் மறக்கிறார்,
சேட்டுப் பைக்குள்ள துணிப்பை கிடக்க
சொப்பிங் பேக்கோட வருவார்.
கழுவிக் காயப்போடுறது அவர்ர வேலை."
கொடியில் இரண்டு கிளிப்பில்
நீலப் பை ஒன்று
பிடிபட்ட கள்ளனைப்போலத் தொங்கியது.

போக வெளிக்கிட ஒரு போத்தலை நீட்டினாள்.
இரண்டு பிளேட்,
ஆறு மாத்திரை அட்டை,
மயிர் தேய்ந்த ஒரு பல் பிரஸ்,
அறுந்த செருப்பு வார்.
"ஆடியில இருந்து இவ்வளவுதான்.
இதுக்கு மட்டும் வழி தெரியல."
கொட்டி எடுத்தேன்.
"போத்தலத் தந்திட்டுப் போங்க" என்றாள்.

அன்று மேட்டில் கொட்டும்போது
ஒரு மாடு சோற்றைப் பையோடு விழுங்கியது.
தினமும் பார்ப்பதுதான்.
அன்றைக்குத்தான் அதன் தொண்டையைப் பார்த்தேன்.

என் வீட்டுப் பையை
விடிய நானே ட்ரக்டரில் ஏற்றுவேன்.
ஊர்ப் பையெல்லாம் தூக்கிப் பார்த்தவன்
அதை ஒருநாளும் பார்த்ததில்லை.
வெள்ளிக்கிழமை, புவனேந்திரன் வரமுன்
முடிச்சை அவிழ்த்தேன்.

ஓரம் மட்டும் கடித்த பாண் துண்டுகள்.
எண்ணினேன், முப்பத்தொரு ஷாம்பு சசே.
போத்தலாய் வாங்கக் காசு சேராத வீட்டில்
சசேதான் சேரும்,
இதைக் கிருசாந்தினிக்கு எப்படிச் சொல்ல.
அடியில், தேங்காய்ப்பூவில் ஒட்டிக்கொண்டு
எட்டாய்க் கிழித்த அடகுக்கடைத் துண்டு.
முழங்காலில் வைத்துப் பொருத்தினேன்:
தோடு, ஒரு சோடி.

யாருக்கும் சொல்லாதவன் நான்.
திரும்பக் கட்டி ஏற்றினேன்.

பின்னேரம் குசினியில் சட்டிகளை உருட்டி
மூடியுள்ள ஒன்றைத் தேடினேன்.
"எதுக்கு?" என்றாள் சுகந்தமலர்.
"மீனுக்கு" என்றேன்,
அவள் காதைப் பார்க்காமல்.